பொத்தானை அழுத்தாத நாற்பது நிமிடங்கள்

எனக்கு நானே முதல் ஊசி போட வேண்டிய அன்று, பொத்தானை அழுத்தினால் தானே குத்துகிற ஊசிப் பேனாவைத் தொடையில் வைத்தபடி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மிகைப்படுத்தவில்லை. எதிரே சுவர்க் கடிகாரம் இருந்தது. ஏழு பத்துக்கு மூடியைக் கழற்றினேன், ஏழு ஐம்பதுக்கும் கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. பத்து எண்ணியதும் அழுத்திவிடுவது என்று தொடங்குவேன், எட்டு வரை போவேன், "இரு, மூச்சை ஒழுங்காக இழுத்துக்கொள்" என்று எனக்கு நானே சொல்லிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவேன். பேனாவின் வாய் பதிந்து தொடையில் வட்டமாக ஒரு சிவந்த தடம் விழுந்துவிட்டது. ஊசியே இன்னும் போடவில்லை, அதற்குள் அடையாளம் மட்டும் வந்தாயிற்று.

எனக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். தமிழில் முடக்குவாதம் என்கிறார்கள், அந்தச் சொல்லைக் கேட்டாலே எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடுவதால் நான் ஆர்.ஏ. என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். உடம்பின் எதிர்ப்பு சக்தி, கிருமியை விட்டுவிட்டு மூட்டுகளைச் சுற்றியுள்ள சவ்வைத் தாக்குகிற நோய். முதல் இரண்டு வருடம் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும், கூடவே ஃபோலிக் ஆசிட். அது பாதி வேலை செய்தது. மீதிப் பாதிக்குத்தான் இந்த ஊசி, அடாலிமுமாப், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 40 மில்லிகிராம். தொடங்குவதற்கு முன் காசநோய் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமியை இந்த வகை மருந்து எழுப்பிவிடலாம் என்பதால் அது கட்டாயம். "மாத்திரையாகக் கிடைக்காதா டாக்டர்?" என்று கேட்டேன். இது ஒரு புரதம், விழுங்கினால் வயிறு மற்றப் புரதங்களைப் போல இதையும் செரித்துவிடும், ரத்தத்துக்குப் போய்ச் சேராது என்றார். நியாயமான பதில்தான். எனக்குத்தான் அந்த நியாயம் பிடிக்கவில்லை.

அப்புறம் அவர் சொன்ன இன்னொரு வாக்கியம்: "ஒண்ணுமே இல்லம்மா, கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

இந்தக் கொசுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஊசிக்குப் பயப்படுகிறவர்களிடம் உலகமே இந்தக் கொசுவைத்தான் கொண்டுவந்து விடுகிறது. வலிக்குப் பயப்படுகிறேன் என்று நான் எப்போது சொன்னேன்? வீங்கிய விரல்களோடு காலையில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் அரை மணி நேரம் போராடுகிறவளுக்கு வலி புதிதா? கொசு கடித்த மாதிரிதான் என்றால், அதற்கும் நடுங்குகிறவள் எவ்வளவு கேவலமானவள் என்று எனக்கு நானே நினைத்துக்கொண்டதுதான் அந்த வாக்கியத்தால் கிடைத்த பலன்.

நான் பயந்தது எதற்கு என்று எனக்கே அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம் பத்தொன்பது வயதில் ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் போய், எடுத்து முடித்து, பஞ்சை அழுத்திக்கொண்டு இரண்டடி நடந்து, கண் இருட்டி, நாற்காலியோடு சேர்ந்து விழுந்தது. கண் விழித்தபோது சுற்றிலும் நாலு பேர். அதிலிருந்து ஊசி என்றாலே உள்ளங்கை வியர்க்கும், காதுக்குள் ஒரு மாதிரி இரையும். தடுப்பூசிக்குப் போனால் படுத்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன், யாரோ போடுவார்கள், முடிந்துவிடும். யாரோ போடுவதும் நாமே போட்டுக்கொள்வதும் வேறு வேறு விஷயம். அங்கே நாம் செய்ய வேண்டியது ஓடாமல் இருப்பது மட்டும்தான். இங்கே குத்துகிறவளும் நானே, குத்துப்படுகிறவளும் நானே.

சரி, அந்த ஏழு ஐம்பதுக்கு வருகிறேன். கடைசியில் அழுத்திவிட்டேன். துணிச்சல் வந்து அழுத்தவில்லை, பக்கத்து அறையில் யாரோ கதவைச் சாத்திய சத்தத்தில் விரல் துள்ளி அழுத்திவிட்டது என்பதுதான் உண்மை. 'டிக்' என்று ஒரு பெரிய சத்தம். பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் விடுபடும் சத்தம் அது. பத்துப் பதினைந்து விநாடி அப்படியே அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், பேனாவில் இருக்கும் சின்ன ஜன்னலில் நிறம் மாறியதும்தான் எடுக்க வேண்டும். நான் சத்தம் கேட்ட மறு கணமே காலை இழுத்துக்கொண்டேன். மருந்து தொடையில் வழிந்து, சோபா உறையில் இறங்கி, சின்ன ஈரத் திட்டாக நின்றது. எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு சோபாவுக்குப் போனது, யாருக்குத் தெரியும்.

அழுதேன். வலியால் அல்ல, வலி எப்படி இருந்தது என்றே நினைவில்லை. அவ்வளவு விலையுள்ள மருந்தை ஒரு சோபாவுக்குப் போட்டுவிட்டேனே என்றுதான். இன்னொரு பேனாவை எடுத்துப் போட்டுவிடலாமா என்றும் ஒரு நிமிடம் தோன்றியது. நல்ல வேளையாகப் போடவில்லை. பாதி டோஸ் வீணானால் நாமாகவே இன்னொன்றைப் போட்டு ஈடுகட்டக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்க வேண்டும். போன் செய்தேன், அடுத்தது எப்போது என்று அவர்கள் சொன்னார்கள், அதோடு அது முடிந்தது.

முடிந்தது என்றால், அக்காவிடம் போய்ச் சேர்ந்தது. "கொண்டா இங்க, நான் போடறேன்" என்றாள் அவள். நர்ஸும் இல்லை, ஒன்றும் இல்லை, கணக்கு எழுதுகிற வேலை. பேனாவோடு வந்த தாளை இரண்டு முறை படித்தாள், என்னைப் படுக்கச் சொன்னாள், போட்டாள். அவ்வளவுதான். அடுத்த நாலு மாதம் எட்டு ஊசியும் அவள்தான். நான் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு வேறு எதையாவது பேசிக்கொண்டிருப்பேன். செக்கப்பில் டாக்டர் "ஊசியெல்லாம் ஒழுங்கா போட்டுக்கறீங்களா?" என்று கேட்கும்போது "போட்டுக்கறேன் டாக்டர்" என்பேன். பொய் இல்லையே, ஊசி என் உடம்புக்குள்தானே போகிறது.

மருந்து வேலை செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது மாதம் ஒரு நாள் காலையில் பாட்டில் மூடியைத் திறந்துவிட்டு, திறந்த பிறகுதான் கவனித்தேன், யாரையும் கூப்பிடவில்லை என்று.

வேறொருவர் நமக்கு ஊசி போடுவதில் தவறே இல்லை. கை அறவே முடியாதவர்கள், பார்வை இல்லாதவர்கள், சின்னப் பிள்ளைகள், இவர்களுக்கெல்லாம் அதுதான் வழி. என் விஷயத்தில் நடந்தது வேறு. ஒவ்வொரு முறை அக்கா போடும்போதும் என் பயம் ஒரு சுற்றுப் பெருத்தது. "இதை என்னால் செய்யவே முடியாது, அதனால்தான் அவள் செய்கிறாள்" என்பது எட்டு முறை உறுதியானது. பிறகு அவளுக்கு வேலை விஷயமாக ஆறு வாரம் வெளியூர் போக வேண்டி வந்தது. ஆறு வாரம் என்றால் மூன்று ஊசி. அவள் அதைச் சொன்ன ராத்திரி எனக்கு வந்த முதல் எண்ணம், ஆறு வாரம் மருந்தை நிறுத்திவிட்டால் என்ன என்பது. அந்த எண்ணம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பாட்டில் மூடியைத் திறக்கிற கையைத் திருப்பிக் கொடுத்த மருந்தை, ஒரு 'டிக்' சத்தத்துக்குப் பயந்து விடத் தயாராக இருக்கிறேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வாத நோய்ப் பிரிவில் இருக்கும் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நாற்பது நிமிடம், சோபா, அக்கா, டாக்டரிடம் சொன்ன அரைப்பொய், எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"உங்களுக்கு எது பயம்? வலியா, மயக்கமா, தப்பா போட்டுடுவோம்னா, இல்ல அந்தச் சத்தமா?"

நான் பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையிலேயே அன்று சாயங்காலம் முழுவதும் அதைத்தான் யோசித்தேன். 'ஊசிப் பயம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருந்ததை அவர் அவிழ்த்துப் போட்டுவிட்டார், உள்ளே நாலைந்து தனித்தனிச் சாமான்கள். வலி, பெரிதாக இல்லை. தப்பாகப் போட்டுவிடுவேனோ என்பது, சோபாவுக்குப் பிறகு கொஞ்சம் இருந்தது. மயக்கம், நிச்சயமாக. சத்தம்... அதை நினைத்ததும் வயிற்றில் ஏதோ பிசைந்தது. சத்தம்தான். இன்னும் சரியாகச் சொன்னால், சத்தம் எந்தக் கணத்தில் வரும் என்று தெரியாமல் இருப்பது.

மயக்கத்தை முதலில் எடுத்துக்கொண்டோம். சிஸ்டர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு இத்தனை வருடக் கூச்சம் பாதி இறங்கிவிட்டது. மற்றப் பயங்களில், பாம்பைப் பார்த்தாலோ உயரத்தில் நின்றாலோ, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். ரத்தம், ஊசி பார்த்துப் பயப்படுகிறவர்களில் பலருக்கு முதலில் ஏறிவிட்டு அப்புறம் சடாரென்று விழுந்துவிடும். மூளைக்கு ரத்தம் குறையும், கண் இருட்டும். கோழைத்தனமும் இல்லை, நடிப்பும் இல்லை, உடம்பின் ஒரு அனிச்சைச் செயல். ஆகவே "ரிலாக்ஸா இரு, உடம்பைத் தளர்த்திக்கோ" என்று எல்லோரும் அன்பாகச் சொல்கிற அறிவுரை எங்களைப் போன்றவர்களுக்கு எதிராகவே வேலை செய்யலாம். ஏற்கெனவே விழப்போகிற அழுத்தத்தைத் தளர்த்தினால் என்ன ஆகும்?

இதற்கு மாற்று, தசைகளை இறுக்குவது. லார்ஸ் யோரான் ஓஸ்ட் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் 1980களில் முறைப்படுத்திய பயிற்சி. கை, கால், வயிறு எல்லாவற்றையும் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடிக்க வேண்டும், முகத்தில் சூடு ஏறுவது தெரியும் வரை. பிறகு இருபது முப்பது விநாடி விட்டுவிட வேண்டும், முழுக்கத் தளர்ந்துவிடாமல் சாதாரண நிலைக்கு. இப்படி ஐந்து முறை. தினமும் சும்மா இருக்கும்போது பழகி, ஊசியன்று காது இரையத் தொடங்கும்போது அதைச் செய்ய வேண்டும். முஷ்டியை இறுக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள், என் விரல்களுக்கு அது ஆகாது, அதனால் வயிறும் தொடையும் பிட்டமும் மட்டும். ஊசி போடப்போகிற தொடையை மட்டும் போடும் நேரத்தில் விட்டுவிட வேண்டும், இறுகிய தசை அதிகம் வலிக்கும். நான் பல் தேய்க்கும்போது பழகினேன். கண்ணாடியில் முகம் சிவந்து விறைத்துப்போய் நிற்பதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் மூன்றாவது நாளே அந்தச் சூடு ஏறுவது தெளிவாகத் தெரிந்தது. இது வேலை செய்யும் என்று நான் முதலில் நம்பியது அங்கேதான்.

வலியைப் பற்றிச் சிஸ்டர் சொன்னவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள், ஆனால் ஒன்றுகூட நான் செய்யாதவை. ஊசியை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். எடுத்து உடனே போட்டால் குளிர்ந்த மருந்து உள்ளே போகும்போது எரியும், அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு மூடியோடு காத்திருக்க வேண்டும். வெந்நீரிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கக் கூடாது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த இடம் முழுக்கக் காய வேண்டும், ஈரத்தோடு குத்தினால் ஸ்பிரிட்டும் ஊசியோடு சேர்ந்து போய்ச் சுரீர் என்னும். எனக்கு இது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது, ஏனென்றால் நான் துடைத்த வேகத்தில் ஊதிக்கொண்டிருந்தேன், ஊதுவதும் கூடாதாம், வாயில் இருக்கும் கிருமியைத் துடைத்த இடத்தில் மறுபடி கொண்டுவந்து வைக்கிற வேலை அது. பிறகு மருந்தே எரிவது ஒன்று உண்டு. அடாலிமுமாப்பின் பழைய கலவைகளில் சிட்ரேட் என்ற உப்பு இருக்கும், அது தோலுக்கடியில் எரியும். சிட்ரேட் இல்லாத கலவை பிறகு வந்தது, சிலவற்றில் மருந்தின் அளவும் 0.8 மில்லியிலிருந்து 0.4 மில்லியாகப் பாதியாகிவிட்டது. நான் போட்டுக்கொண்டிருந்தது எது என்று டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், சிட்ரேட் உள்ளது. எட்டு முறை நான் ஊசியைத் திட்டியிருக்கிறேன், குற்றவாளி உப்பு.

ஊசியின் கனம் பற்றியும் கேட்டேன். 29 கேஜ். கேஜ் எண் கூடக்கூட ஊசி மெலியும் என்பது கொஞ்சம் தலைகீழான கணக்கு. ரத்தம் எடுக்கும் 21 கேஜ் ஊசி சுமார் 0.8 மில்லிமீட்டர் தடிமன், இது அதில் பாதிக்கும் குறைவு, மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. பத்தொன்பது வயதில் என்னை விழவைத்த ஊசியின் நினைவைத்தான் இத்தனை வருடம் இதன் மேல் ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தச் சத்தம். ஊசிக்குப் பயப்படுகிறவர்களுக்குப் பேனாதான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். ஊசி கண்ணில் படாது, ஒரு பொத்தான், மீதியை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். பலருக்கு அது சரியாகவும் இருக்கிறது, எனக்குத் தெரிந்த இரண்டு பேர் பேனாவைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார்கள். எனக்கு அது சரிப்படவில்லை என்பதைப் புரிந்துகொள்ளவே இவ்வளவு நாள் ஆயிற்று. பேனாவில் அழுத்தும் வரை ஒன்றுமே நடக்காது, அழுத்தியதும் எல்லாம் ஒரே நொடியில் நடந்துவிடும். நடுவில் ஒரு இடமே இல்லை. பாதி தூரம் போய் நின்று பார்க்க முடியாது. மேலும் ஊசியைக் கண்ணில் காட்டாமல் ஒளித்து வைத்திருப்பதால், உள்ளே இருப்பது எவ்வளவு பெரியது என்று என் கற்பனை தன் இஷ்டத்துக்கு வரைந்துகொண்டது.

"அப்படின்னா சிரிஞ்ச் கேளுங்களேன்" என்றார் சிஸ்டர். மருந்து ஏற்கெனவே நிரப்பிய சிரிஞ்ச், அதே மருந்து, அதே அளவு. டாக்டரிடம் பேசி, சிட்ரேட் இல்லாத கலவையாகவே சிரிஞ்சில் மாற்றி எழுதி வாங்கினேன். விரல் ஒத்துழைக்குமா என்று அவர் யோசித்தார், பிஸ்டனை அழுத்தக் கட்டைவிரலில் கொஞ்சம் பலம் வேண்டும். மருந்து வேலை செய்துகொண்டிருந்த நேரம் என்பதால் ஒத்துழைத்தது. காலையில் என் விரல்கள் விறைத்துக் கிடக்கும், ஆகவே சாயங்காலம்தான் போடுவது என்று முடிவு.

நடுவில் ஆறுதல் தேடி ஊசியின் வரலாற்றையெல்லாம் படித்தேன், நான் அந்த ஜாதி. 1922 ஜனவரி 11 அன்று டொரோண்டோவில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் போட்டார்கள். மருந்து சுத்தமாக இல்லாமல் அது சரிவரவில்லை, பன்னிரண்டு நாள் கழித்துச் சுத்தப்படுத்திய மருந்து போட்டதும்தான் பையன் தேறினான். அதற்குப் பிறகு பல வருடம் சர்க்கரை நோயாளிகள் கண்ணாடி சிரிஞ்சை வீட்டில் கொதிக்க வைத்து, மழுங்கிய ஊசியைக் கல்லில் தேய்த்துத் தீட்டி, தினமும் தங்களுக்குத் தாங்களே போட்டிருக்கிறார்கள். இன்சுலின் பேனா வந்ததே 1985இல்தான். படித்ததும் வெட்கப்பட்டுத் தைரியம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஊசியைக் கல்லில் தீட்டுகிற காட்சி மட்டும் இரண்டு நாள் கண்ணிலேயே நின்றது. படிக்காமல் இருந்திருக்கலாம்.

அக்கா ஊருக்குப் போன நாலாவது நாள், ஞாயிறு சாயங்காலம். சிரிஞ்சை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு அரை மணி நேர அலாரம். கை கழுவினேன். சோபாவில் உட்காரவில்லை, நாற்காலி, பின்னால் சுவர், விழுந்தாலும் பக்கவாட்டில் விழாத இடம். இறுக்கும் பயிற்சி ஐந்து சுற்று. அலாரம் அடித்தது. மருந்தை வெளிச்சத்தில் பார்த்தேன், தெளிவாக இருந்தது, ஒரு சின்னக் குமிழி, அது பரவாயில்லை என்று ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தேன். வலது தொடையின் மேல்பக்கம், முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் துடைத்தேன். காயட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்தேன், முப்பது விநாடி.

சிஸ்டர் ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தார்: எண்ணாதீங்க. "எண்ண ஆரம்பிச்சா எட்டுல நிப்பீங்க. மூடியக் கழட்டினா அடுத்த வேலை குத்தறதுதான், நடுவுல எதுவும் கிடையாது."

மூடியைக் கழற்றினேன். முதல் முறையாக அந்த ஊசியைப் பார்த்தேன். அரை அங்குல நீளம், எதிர்பார்த்ததைவிட நீளம், எதிர்பார்த்ததைவிட ரொம்ப ரொம்ப மெல்லியது. விளக்கு வெளிச்சம் அதன் மேல் ஒரு முடியிழை போல ஓடியது. நுனி சாய்வாக வெட்டியிருந்தது. நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. இடது கையால் தொடைச் சதையைக் கிள்ளிப் பிடித்தேன், சிரிஞ்சைப் பென்சில் போலப் பிடித்து 45 டிகிரி சாய்த்து, தோலில் வைத்து, உள்ளே தள்ளினேன். தள்ளினேன் என்பதுகூட அதிகம், போய்விட்டது. தோல் ஒரு கணம் லேசாகக் குழிந்து, பிறகு வழிவிட்டது. அந்தக் குழிவை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன். ஏதோ மெல்லிய காகிதத்தைத் துளைத்தது போல ஒரு சின்ன உணர்வு விரலில்தான் தெரிந்தது, தொடையில் இல்லை. தோலில் வலி உணரும் நரம்பு முனைகள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை, சில இடத்தில் குத்தினது தெரியவே தெரியாது, சில இடத்தில் சுள்ளென்று இருக்கும். அன்று எனக்கு அதிர்ஷ்டம். மூன்றாவது தடவை அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அப்புறம் பிஸ்டனை மெதுவாக அழுத்தினேன். என் வேகத்தில். நடுவில் நிறுத்திப் பார்த்தேன், நின்றது. மறுபடி அழுத்தினேன், போனது. எந்தச் சத்தமும் இல்லை. காது லேசாக இரைந்தது, வயிற்றையும் இடது காலையும் இறுக்கினேன், இரைச்சல் விலகியது. வெளியே எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தினேன், தேய்க்கவில்லை. ஒரு சொட்டு ரத்தம், கடுகளவு. சிரிஞ்சை மூடியைத் திருப்பிப் போடாமல் அப்படியே ஊசிக் கழிவு டப்பாவில் போட்டேன், அடியில் போய் விழுந்து 'டக்' என்றது. மூடியைக் கழற்றியதிலிருந்து அந்த 'டக்' வரை ஒரு நிமிடம்கூட இருக்காது. நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தவள் நான்.

உடனே எழுந்திருக்கவில்லை. பத்தொன்பது வயதில் அதுதானே தப்பு, எழுந்து நடந்தது. பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்து, அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். மூன்று ஆச்சரியக்குறி போட்டுப் பதில் வந்தது.

அதன் பிறகு எல்லாம் சுகம் என்று எழுதினால் பொய். மூன்றாவது தடவை சுள்ளென்று ஒரு நரம்பு முனையில் பட்டு, கை நடுங்கி, ஊசியை வெளியே எடுத்துவிட்டேன். அந்த சிரிஞ்சைத் திருப்பிக் குத்தலாமா கூடாதா என்ற சந்தேகத்தில் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போன். ஏழாவது தடவை அரை மணி நேர அலாரம் அடித்த பிறகும் துணி மடித்துக்கொண்டிருந்தேன், இன்னொரு துணி, இன்னொரு துணி என்று. இதுவரை நாற்பதுக்கு மேல் போட்டாயிற்று, இப்போதும் அலாரம் அடிக்கும்போது உள்ளங்கை வியர்க்கிறது. பயம் போன பிறகு போடலாம் என்று காத்திருந்ததுதான் என் பெரிய தப்பு என்று இப்போது தெரிகிறது. அது காத்திருக்கிற நேரத்தைத் தின்றுதான் வளர்கிறது. அந்த நேரத்தைச் சுருக்கிவிட்டால் வியர்வை வியர்வையாகவே இருந்துவிட்டுப் போகிறது, அதனால் எனக்கு ஒன்றும் இல்லை.

சில விஷயங்களை முயன்று பார்த்துக் கைவிட்டேன். குத்தும்போது இருமினால் வலி தெரியாது என்றார்கள். வேறொருவர் போடும்போது சரி, நாமே போடும்போது இருமினால் ஊசியும் சேர்ந்து இருமுகிறது. மரத்துப்போக வைக்கும் களிம்பு உண்டு, ஒரு மணி நேரம் முன்னால் பூசி மூடி வைக்க வேண்டும், அந்த ஒரு மணி நேரமும் ஊசியையே நினைத்துக்கொண்டிருப்பேன் என்பதால் எனக்கு வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை ஒரு நிமிடம் வைத்துவிட்டு எடுப்பது மட்டும் நிலைத்தது. இதற்குப் பின்னால் ஒரு கோட்பாடே இருக்கிறது, 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் சொன்னது: தொடுதல், அழுத்தம் போன்ற செய்திகள் தண்டுவடத்தில் வலியின் செய்திக்குக் கதவைப் பாதி சாத்திவிடும் என்று. அடிபட்ட இடத்தை நாம் தேய்த்துவிட்டுக்கொள்வதும் அதனால்தான். சதையைக் கிள்ளிப் பிடிப்பதும் எனக்கு அப்படித்தான் உதவுகிறது என்று நினைக்கிறேன்.

ஒரு சின்ன நோட்டில் தேதியும் இடமும் எழுதுகிறேன், வலது தொடை, இடது தொடை, வயிறு வலது, வயிறு இடது. வயிற்றில் என்றால் தொப்புளிலிருந்து 5 சென்டிமீட்டராவது தள்ளி. போன தடவை போட்ட புள்ளியிலேயே திருப்பிப் போட்டால் அந்த இடம் தடித்துவிடும். கன்றிப்போன இடத்திலும் தழும்பிலும் போடுவதில்லை. காய்ச்சலோ, புண்ணோ, ஆன்டிபயாட்டிக் சாப்பிடுகிற சமயமோ என்றால் போடுவதற்கு முன் கட்டாயம் கேட்டுவிடுகிறேன், எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மருந்து இது. உங்கள் மருந்துக்கு வேறு கோணம், வேறு இடம், வேறு கணக்கு இருக்கலாம், இதைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள். மருந்து இல்லாத பயிற்சிப் பேனா பல ஆஸ்பத்திரிகளில் இருக்கும், கேட்டால் தருவார்கள். நான் கேட்கவே இல்லை என்பதுதான் எரிச்சல்.

போன வாரம் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். ஊசி நாள். அவள் எதிரில் முதல் முறையாக நானே போட்டுக்கொண்டேன். அவள் சோபாவின் அந்தக் கோடியில் உட்கார்ந்து போனைப் பார்க்கிற மாதிரி இருந்தாள், ஆனால் திரை அணைந்திருந்தது. நான் டப்பாவில் போட்டதும் மெதுவாகச் சொன்னாள்:

"உனக்குப் போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் பாத்ரூம்ல போய் முகம் கழுவிட்டு வருவேன் தெரியுமா? கை அப்படி நடுங்கும். நீ தலகாணில முகத்த வச்சிருந்தது நல்லதாப் போச்சு."

எட்டு தடவையும். நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சொல்லியிருக்கலாமே அக்கா" என்றேன்.

"சொன்னா நீ போட விட்டிருப்பியா?" என்றவள், நோட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு இடது தொடைன்னு எழுதல பாரு" என்று பேனாவைத் தேடினாள். எழுதுகிற பேனாவை.